மேஜைமேல் வைத்த மஞ்சள் கயிறு

சிதம்பரம்
12-8-1944

கொளஞ்சிக்கு உன் மாமனார் சின்னையன் சொல்ல, அரிசி மில்லில் கணக்கெழுதும் சுப்புராயன் எழுதுவது.

சுப்புராயன் வழக்கம்போல 'சௌபாக்கியவதி' என்று தொடங்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் எந்தப் பெண்ணுக்கு அந்த வார்த்தையைப் போடுவார்கள், எந்தப் பெண்ணுக்குப் போட மாட்டார்கள் என்பது தெரியும். உனக்குப் போடலாமா கூடாதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று நான் கடலூருக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. ஆடிப்பெருக்கன்று உன் மாமியார் கொள்ளிடத்தில் வைத்துப் படைத்த புதுக் கயிற்றை உன்னிடம் கொடுக்கத்தான் வந்தேன். ஆடி போவதற்குள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவள் பிடிவாதம். குதிரை வண்டியை ஸ்டேஷனில் பக்கத்து வண்டிக்காரனிடம் விட்டுவிட்டு, காலைப் பாசஞ்சரில் ஏறி, புதுநகரில் இறங்கி, மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே வந்தேன். நீ வாத்தியார் வேலைக்குப் படிக்கிற இடத்தில் வாசல்காரன், "இப்ப வகுப்புல இருக்காங்க, பெரியவரே. பரீட்சைப் பாடம். செத்த நில்லுங்க" என்றான். உன் குரல் கேட்டது. சன்னல் பக்கம் போனேன்.

நீ பிள்ளைகளுக்கு முன்னால் நின்றாய். உன் பின்புறம்தான் எனக்குத் தெரிந்தது. தலையிலிருந்த பூவை எடுத்து மேஜைமேல் வைத்தாய். இங்கிலீஷில் என்னவோ சொன்னாய். பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலாகத் திருப்பிச் சொன்னார்கள். வளையலைக் கழற்றி வைத்தாய். சொன்னாய், அவர்களும் சொன்னார்கள். அப்புறம் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய், மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, அதையும் மேஜைமேல் வைத்தாய். பிள்ளைகள் அதற்கும் ஏதோ சொன்னார்கள். ஒரு பெண் பிள்ளை சிரித்தாள்.

ஆடி வெள்ளிக்கிழமை. நான் கண்ணால் பார்த்தது. மஞ்சள் துண்டு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? விடுதியில் திருட்டுப் போகும் என்று உன் பொன் தாலியை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மஞ்சளைக் கோத்து உன் கழுத்தில் கட்டி அனுப்பியது உன் மாமியார் இருசம்மாள்தானே. அந்த முடிச்சு விழுந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

நான் அங்கே நிற்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

என் பிள்ளை அய்யனார் பட்டாளத்துக்குப் போன நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டுத்தான் உன்னிடம் வந்தான். "நீ படிப்ப வுட்றாத. நான் வந்து நீ இங்கிலீஷ் பேசுறத கேக்கணும்" என்றான். நீ தலையை ஆட்டினாய். ரயில் போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாய். அவன் இருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தபின் அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. உனக்கு மட்டும் ஏதாவது சேதி வந்ததா? பட்டாளத்தார் பெண்டாட்டிக்குத்தான் முதலில் எழுதுவார்கள் என்று சொல்கிறார்கள். வந்திருந்தால் எங்களிடம் ஏன் மறைத்தாய்?

இருசம்மாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உடனே பதில் போடு.

சின்னையன் கைநாட்டு


சிதம்பரம்
26-8-1944

கொளஞ்சிக்கு,

நீ பதில் போடவில்லை. பதில் போடாததே பதில் என்று எடுத்துக்கொண்டோம்.

நான் வாயைத் திறக்கவில்லை. இருசம்மாள் என் துண்டை உதறும்போது கயிறு கீழே விழுந்தது. "இது ஏன் திரும்பி வந்துது?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

குமராட்சியிலிருந்து பங்காளி ராஜமாணிக்கம் வந்தார். "பொண்டாட்டிக்காரியே கயித்த கழட்டிட்டா. இன்னும் எதுக்குக் காத்துக் கெடக்கணும்? அவன் ஆவி தண்ணியில்லாம அலையும்டா, சின்னையா" என்றார்.

வியாழக்கிழமை கொள்ளிடக்கரைக்குப் போனோம். உடல் இல்லாததால் அவன் கோடு போட்ட சட்டையை வைக்கோலில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் மகன். இங்கே அப்பன் வைத்தேன். சட்டை சீக்கிரம் எரிந்துவிட்டது. காலரில் இருந்த பொத்தான் மட்டும் கடைசி வரைக்கும் கிடந்தது. முழுகினோம்.

வரும் எட்டாம் தேதி பதினாறாம் நாள். நீ வர வேண்டும். நீயாகவே கழற்றிவிட்டாய் என்றாலும், உறவுமுறைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பொன் தாலியைப் பாலில் போட வேண்டும் என்கிறார் ராஜமாணிக்கம். உனக்கு வெள்ளைப் புடவை எடுத்தாகிவிட்டது. எடுத்துவந்த துணியைப் பார்த்ததிலிருந்து இருசம்மாள் சாப்பிடவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. நான் சொல்கிறபடி சுப்புராயன் எழுதுவதில்லை, மழுப்பி எழுதுகிறான். கோபம் குறைவாகத் தெரிந்தால் அது அவன் செய்த வேலை.

சின்னையன் கைநாட்டு


கடலூர்
29-8-1944

மாமா அவர்களுக்குக் கொளஞ்சி எழுதிக்கொள்வது.

உங்கள் இரண்டு கடிதங்களும் இன்றைக்குத்தான், ஒன்றாக, என் கைக்கு வந்தன. பதினைந்து நாட்களாக நான் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருந்தேன். எங்களை அப்படி அனுப்புவார்கள். கடிதம் விடுதியிலேயே கிடந்திருக்கிறது.

இரண்டாவதைத்தான் முதலில் பிரித்தேன். அதில் சட்டை என்று படித்தேன், வைக்கோல் என்று படித்தேன். என்னவென்று புரியாமல் மறுபடி மேலேயிருந்து படித்தேன். புரிந்தபோது நான் நின்றிருந்தது ஞாபகம். அப்புறம் பக்கத்துப் பெண்கள் என்னைத் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள்.

மாமா, எனக்கு எந்தச் சேதியும் வரவில்லை. நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. உங்கள் மகன் செத்துப்போனார் என்று இந்த உலகத்தில் யாரும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தது என் தாலி இல்லை. அது பாடத்துக்காக நான் செய்துகொண்ட சாமான். எங்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கும் முறை அப்படி. தமிழில் அர்த்தம் சொல்லக் கூடாது. சொல்லுகிற காரியத்தைப் பிள்ளைகள் கண்முன்னால் செய்து காட்டிக்கொண்டே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்துகொண்டே திறக்கிறேன் என்று சொல்வோம். பிள்ளைகள் பார்த்துப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்வார்கள். அன்றைக்கு எனக்குப் பரீட்சை. எனக்குக் கொடுத்த வினைச்சொல் 'வெயர்'.

அதன் அர்த்தத்தை உங்களுக்குத் தமிழிலேயே சொல்கிறேன். நாம் புடவை கட்டுகிறோம், பூ வைக்கிறோம், வளையல் போடுகிறோம், செருப்பு மாட்டுகிறோம், தலைப்பாகை சுற்றுகிறோம். அவர்களுக்கு இது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். மேலே இருக்கிற வரைக்கும் 'ஐ வெயர்'. எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டால் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. பிள்ளைகள் தப்புச் செய்வது இன்னொரு இடத்தில். போட்டுக்கொள்கிற அந்த நிமிஷத்துக்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். 'வெயர்' என்பது போடுவது இல்லை, போட்ட பிறகு நம்மேல் இருந்துகொண்டே இருப்பது. காலையில் கட்டிய புடவை சாயங்காலம் வரைக்கும் 'வெயர்'.

இதைக் காட்டத்தான் ஒரு கூடை நிறையச் சாமான் சேர்த்தேன். வாசல்காரருடைய தலைப்பாகை, மூக்குக்கண்ணாடி, செருப்பு, பூ, கண்ணாடி வளையல். கடைசியாகக் கடையில் கயிறு வாங்கி மஞ்சள் துண்டு கோத்தேன். முந்தின நாள் வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், எங்கம்மா தாலிக்கும் இதே வார்த்தைதானா?" என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்று வாயால் சொல்லக் கூடாதே, காட்டத்தானே வேண்டும். அதனால் செய்தேன். நீங்கள் பார்த்த பொய்க் கயிறு அதுதான். சிரித்த பெண்ணும் அவள்தான். என் கயிறு ரவிக்கைக்குள்ளே இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

சன்னலில் நிற்காமல் வாசலில் நின்றிருந்தால் நான் மணி அடித்ததும் வந்திருப்பேன். நான் வைத்திருந்த பொட்டுக்கடலை உருண்டையைக் கொடுத்திருப்பேன். "என்னடி இது கூத்து" என்று நீங்கள் திட்டியிருப்பீர்கள். அவ்வளவோடு போயிருக்கும்.

எட்டாம் தேதி நான் வர மாட்டேன். அத்தையைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கொளஞ்சி


சிதம்பரம்
3-9-1944

கொளஞ்சிக்கு,

உன் கடிதத்தைச் சுப்புராயன் வாசித்தான். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். எனக்கு ஒரு தரமே போதும், ஒரு வார்த்தை விடாமல் மனசில் நிற்கிறது. ஆனாலும் கேட்டேன்.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கா கொள்ளி வைத்தேன்? இந்தக் கையாலா?

குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது தொட்டியில் என் முகம் தெரிகிறது. மீசை இல்லாத முகம். மழித்துவிட்டார்களே. எனக்கே பயமாக இருக்கிறது.

இருசம்மாள் நம்பவில்லை. "கழுத்து வெறுசாப் போயிருமோன்னு கத கட்டுறா. செருப்புக்கும் தாலிக்கும் ஒரே வார்த்தையாம், எவனாவது வச்சுருப்பானா?" என்கிறாள். எனக்கும் அது ஒரு அதிர்ச்சிதான். வெள்ளைக்காரன் கப்பலும் ரயிலும் விடுகிறான், காலில் போடுவதையும் கழுத்தில் கட்டுவதையும் பிரித்துச் சொல்ல அவனிடம் இரண்டு வார்த்தை இல்லையா? கோட்டைமேட்டுத் துரை ஒருவரை ஏற்றிக்கொண்டு போனபோது அவர் பேசிய பேச்சு முழுக்க எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதில் இந்த வெயர் வந்ததா என்று நேற்றெல்லாம் யோசித்தேன்.

ராஜமாணிக்கத்திடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தீயும் தண்ணியும் பட்டாச்சு. அத எப்படிடா திருப்புவ? பத்திர ஆபீசா, போய் ரத்து பண்ண? பதினாறாவது நாளு நின்னுபோனா பாதி வழியில நிப்பான். இருந்தாலும் நிப்பான், செத்தாலும் நிப்பான்" என்றார். உறவுமுறை எல்லாம் அவர் பக்கம். படையலுக்கு எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. நீ வராவிட்டால் உன்னைத் தள்ளி வைப்பார்களாம். உனக்கு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

நான் என்ன செய்யட்டும்? நீ படித்தவள், சொல்லு.

சின்னையன் கைநாட்டு


கடலூர்
6-9-1944

மாமா அவர்களுக்கு,

படித்தவளுக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

என்னைத் தள்ளி வைத்தால் வைக்கட்டும். எனக்கு ஒரே ஒரு காரியம் தெரிய வேண்டும். என் பொன் தாலி உங்கள் பெட்டியில் இருக்கிறது. உங்கள் மகன் உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் நம்பினால், அதைப் பாலில் போட விடாதீர்கள். என்னிடம் சேருங்கள், நான் போட்டுக்கொள்கிறேன். அவர் இல்லை என்று நம்பினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போட வேண்டாம். வருகிறதா வரவில்லையா என்று பார்த்து நான் தெரிந்துகொள்கிறேன்.

கொளஞ்சி


சிதம்பரம்
20-12-1945

சௌபாக்கியவதி கொளஞ்சிக்கு உன் மாமனார் சின்னையன் எழுதுவது.

தலைப்பில் இருக்கிற வார்த்தையைச் சுப்புராயன் வழக்கத்துக்காகப் போடவில்லை. நான் சொல்லிப் போட்டது. மேலே படிக்குமுன் அதை நன்றாகப் பார்த்துக்கொள். பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்.

ஒரு வருஷத்துக்கு மேல் உனக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. தாலியும் அனுப்பவில்லை. நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். எட்டாம் தேதி படையல் போட்டார்கள். பாலில் போடத் தாலியைக் கேட்டபோது, பெட்டிச் சாவி தொலைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டேன். சாவி அப்போது என் அரைஞாணில்தான் இருந்தது. உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கவும் தைரியம் இல்லை, பாலில் போடவும் மனசு இல்லை. நீ கடலூரிலேயே டீச்சர் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று ரயிலில் வருகிறவர்கள் சொல்லக் கேட்டேன். அதோடு இருந்தேன்.

திங்கட்கிழமை காலை வண்டிக்கு ஸ்டேஷனில் காத்திருந்தேன். எல்லோரும் இறங்கிப் போனபின் கடைசியாக ஒருவன் வந்தான். தாடி, காக்கிச் சட்டை தோளில் தொங்குகிறது, உள்ளே உடம்பு இல்லாத மாதிரி. வாடகை பேசவில்லை. நேராகக் குதிரையிடம் போய் அதன் நெற்றியைத் தடவினான். இந்தக் குதிரை யாரையும் நெற்றியைத் தொட விடாது. அது காதை மடக்கிக்கொண்டு சும்மா நின்றது.

அவன் என் முகத்தைப் பார்த்து, "மீசய எங்கப்பா?" என்றான்.

நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மீசை முளைத்துவிட்டதுதான், பழைய மீசை இல்லை. மழித்தது ஏன் என்று அவனிடம் எப்படிச் சொல்லுவேன்?

வீட்டில் இருசம்மாள் பார்த்ததும் கத்தவில்லை. ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அவன்மேல் வீசினாள். போகிறானா நிற்கிறானா என்று பார்த்தாள். நின்றான். "குளிருதும்மா" என்றான். அப்புறம்தான் அவள் விழுந்தாள்.

ராஜமாணிக்கம் வாசலிலேயே மறித்துவிட்டார். கருமாதி ஆனவன் நிலைப்படி தாண்டக் கூடாதாம். இத்தனை நாளும் ஜப்பான்காரன் சிறையில் கிடந்து வந்தவனைக் குதிரை லாயத்தில் படுக்கவைத்தோம். அங்கே உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டான். சட்டையை எரித்ததைத் தவிர எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டான். அப்புறம், "படையல்ல எனக்கு என்ன வச்சீங்க?" என்றான்.

"கருவாட்டுக் குழம்பு" என்றாள் இருசம்மாள்.

"நாலு வருசமா அதுக்குத்தாம்மா ஏங்கிக் கெடந்தேன். வச்சதுதான் வச்சீங்க, கொஞ்சம் நான் இருந்த பக்கம் தள்ளி வச்சிருக்கக் கூடாதா?" என்றான். அவனே சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை. ராத்திரி குளிருக்கு, "என் கோடு போட்ட சட்டைய எடும்மா" என்று கேட்டான். இருசம்மாள் தன் பழைய புடவையை எடுத்து அவன்மேல் போர்த்தினாள்.

நேற்று பூசாரியை வைத்துக் கேட்டோம். வழி இருக்கிறதாம். பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல் அவனுக்குத் தலைமுழுக்காட்டி, தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல் எடுத்து, பெயர் வைக்க வேண்டும். என்ன பெயர் என்று கேட்டார்கள். பழைய பெயரே என்றேன். அப்புறம் அவனுக்கும் உனக்கும் புதிதாகக் கலியாணம். மார்கழி ஆனாலும் இது பரிகாரம்தான், மாதம் பார்க்க வேண்டாமாம். அன்றைக்குத்தான் அவன் வீட்டுக்குள் வரலாம். செத்தவன் கட்டிய கயிறு செல்லாதாம். அதனால் நீ முதல் நாளே இப்போதிருக்கும் கயிற்றைக் கழற்றிவிட்டு, வெறுங்கழுத்தோடு மணையில் உட்கார வேண்டும் என்கிறார் பூசாரி. ராஜமாணிக்கமும் அதையே சொல்கிறார்.

இதை உனக்கு எழுதச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. ஆனால் அவன் லாயத்தில் படுத்திருக்கிறான். நீ வந்து உட்கார்ந்தால்தான் நிலைப்படி திறக்கும். வருவாயா?

சின்னையன் கைநாட்டு


கடலூர்
22-12-1945

மாமா அவர்களுக்கு,

தலைப்பு வார்த்தையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நீங்கள் சொன்னபடி உட்கார்ந்தேன். வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒன்றுமில்லை, போய் உட்காருங்கள் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

தாலி வரவில்லையே என்று ஒரு வருஷம் உங்களை மனசுக்குள் திட்டினேன். சாவி அரைஞாணில் இருந்ததை இப்போதுதான் அறிகிறேன். இனி திட்ட மாட்டேன்.

வருகிறேன். தள்ளி வைத்தவர்கள் கலியாணத்துக்கு அழைக்கிறார்கள், வராமல் இருப்பேனா? உங்கள் மகனுக்குத் தொட்டில் போடட்டும், பெயர் வைக்கட்டும், அவர்கள் இஷ்டம். லாயத்தில் இருக்கிறவருக்கு அந்தப் பெயரை நான் இன்றைக்கும் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆனால் கழற்றிவிட்டு வர மாட்டேன். பூசாரியிடம் சண்டை போட வேண்டாம், அத்தையைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் கொள்ளிடத்தில் நின்று கயிறு மாற்றுகிறவர்கள் அத்தை. பழையதைக் கழற்றிவிட்டா புதியதைக் கட்டுவார்கள்? புதியதைக் கட்டி, முடிச்சு விழுந்த பிறகுதானே பழையதை எடுப்பார்கள். நம் வீட்டில் எந்தப் பெண்ணுடைய கழுத்தும் ஒரு நொடிகூட வெறுமையாக இருந்தது கிடையாது. அந்த முறைப்படியே இதுவும் நடக்கட்டும். உங்கள் மகன் வந்து பொன் தாலியைக் கட்டட்டும். அப்புறம் இந்த மஞ்சளை நானே எடுத்து அத்தை கையில் கொடுக்கிறேன். நைந்து நூலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அவருக்கு ஒரு கோடு போட்ட சட்டைத் துணி எடுத்திருக்கிறேன். தையற்காரர் நாளைக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். அளவு தெரியவில்லை, பழைய அளவே சொல்லியிருக்கிறேன். தொளதொளவென்று இருந்தாலும் குளிருக்கு ஆகும்.

திங்கட்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம், வண்டியை அவர் ஓட்டிக்கொண்டு வரட்டும். நிலைப்படிதானே தாண்டக் கூடாது, ஸ்டேஷனுக்கு நிலைப்படி இல்லை. வழியில் அவர் இங்கிலீஷ் பேசச் சொல்லிக் கேட்பார். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நன்றாக வருகிற வாக்கியம் 'ஐ வெயர்' ஒன்றுதான். சாமான் எதையும் கூடையில் எடுத்து வரவில்லை.

கொளஞ்சி